பக்கவாத்தியம் வாசித்த மேதைக்கு அஞ்சலி செய்வோருக்கு

கச்சேரி அமைப்பாளர்களுக்கும் மேடையேறும் ஹார்மோனிகாக் கலைஞர்களுக்கும்,

மறைந்த ப்ளூஸ் ஹார்மோனிகாக் கலைஞர் ஒருவருக்கு அஞ்சலிக் கச்சேரி என்றால் அது எப்படி நடக்கும் என்பது இன்று பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நான்கைந்து பேர் கையில் மைக்கும் மவுத் ஆர்கனுமாக அடுத்தடுத்து வருவார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. மறைந்தவர் பதிவுசெய்த தனி வாசிப்பை ஒருவர் சுரம் பிசகாமல் வாசிப்பார். அடுத்தவர் அதையே இன்னும் வேகமாக, இன்னும் உரக்க வாசிப்பார். முடிவில் எல்லோரும் ஒன்றாக மேடையேறி, ஒரே பாட்டில் ஆளுக்கொரு சுற்று எடுத்துக்கொள்வார்கள். இதன் பின்னால் இருக்கும் உழைப்பையும் பக்தியையும் நான் மதிக்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் பல பெயர்கள் இந்நேரம் பழைய இசைத்தட்டுகளின் உறைகளோடு மங்கிப்போயிருக்கும். உங்கள் மேடைகள் எனக்குத் தொலைவு. இந்த இசை ஒலிப்பதிவுகளாகவும் படப்பதிவுகளாகவுமே எனக்கு வந்து சேர்கிறது. ஆகவே என் சான்றுகளையும் அவற்றிலிருந்தே எடுக்கிறேன். நீங்கள் அதிகமாக அஞ்சலி செலுத்தும் மனிதரான லிட்டில் வால்டருக்கு இந்தக் கச்சேரி வடிவம் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அவருடைய தனி வாசிப்பைக் கொண்டாடுகிறீர்கள். அவர் இந்த வாத்தியத்துக்குச் செய்த ஆகப்பெரிய காரியமோ, பாடுகிறவர் பக்கத்தில் நின்று வாசித்த வாசிப்பில் இருக்கிறது. அது உங்கள் மேடைகளில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1930இல் லூசியானாவின் மார்க்ஸ்வில்லில் பிறந்தவர். பதின்வயதிலேயே சிகாகோ வந்து மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தார். 1947இல் அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்த ஒருவர் நடத்திய ஓரா நெல் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்துக்காக முதல் பதிவு. பிறகு பாடகரும் கிதார்காரருமான மடி வாட்டர்ஸின் குழு. 1952 முதல் 1958 வரை பில்போர்டின் ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் அவருடைய 14 பாட்டுகள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன; அவற்றில் இரண்டு முதலிடம் பிடித்தன. 1968 பிப்ரவரி 15 அன்று, 37 வயதில் காலமானார். சிகாகோவை ஒட்டிய எவர்கிரீன் பார்க்கில் உள்ள அவரது கல்லறையில் 1991 வரை பெயர்க்கல்கூட இல்லை. ரசிகர்கள்தான் முயன்று வைத்தார்கள். 2008இல் ராக் அண்டு ரோல் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது, பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான பிரிவில். இத்தனை வெற்றிப் பாட்டுகளைச் சொந்தப் பெயரில் தந்தவரைப் பக்கவாத்தியக்காரர் என்பதா என்று மனம் வருந்துவோர் இருக்கலாம். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. அதை இறக்கமாக எடுத்துக்கொள்வதில்தான் நம் பிழை தொடங்குகிறது.

மடி வாட்டர்ஸோடு அவர் செய்த பதிவுகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். 1950 இறுதியில் பதிவான ‘லூசியானா ப்ளூஸ்’ பாட்டில் ஹார்மோனிகா குரலை ஒரு கணம்கூட மறைக்கவில்லை. மடி ஒரு வரியை இழுத்து முடிக்கும் இடத்தில் அது நுழைகிறது, அடுத்த வரி தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறது. 1951இல் பதிவான ‘ஹனி பீ’ பாட்டில் இன்னும் வியப்பு: வால்டர் அதில் ஹார்மோனிகாவையே எடுக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு இரண்டாவது கிதார்தான் வேண்டியிருந்தது. கிதாரை எடுத்து மடியின் வாசிப்புக்குக் கீழே ஓடும் சரட்டைக் கொடுத்தார். தன் வாத்தியத்தில் ஈடில்லாத ஒருவர், பாட்டு கேட்டதற்காக அதைக் கீழே வைத்தார். அவர் எப்படிப்பட்ட இசைக்காரர் என்று எனக்குச் சொல்வது இந்த ஒரு பதிவுதான். உங்கள் அஞ்சலி நிகழ்ச்சிகளின் பாட்டுப் பட்டியல்களில் நான் தேடுவது இது போன்ற பாட்டைத்தான். கிடைப்பதென்னவோ திரும்பத் திரும்ப அவருடைய வாத்திய இசைப் பதிவான ‘ஜூக்’.

1954 ஜனவரி 7 அன்று பதிவான ‘ஹூச்சி கூச்சி மேன்’ இன்னொரு சான்று. வில்லி டிக்ஸன் எழுதிய பாட்டு. மடி வாட்டர்ஸுக்கு அது பெருவெற்றி. சிகாகோ ப்ளூஸ் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் பாட்டுகளில் ஒன்று. கிதாரும் ஹார்மோனிகாவும் பியானோவும் டிரம்ஸும் சேர்ந்து ஒரு சிறு சொற்கட்டைச் சட்டென்று அடித்து நிறுத்துகின்றன. அந்த நிசப்தத்துக்குள் மடி ஒரு வரி பாடுகிறார். மறுபடியும் அடி, மறுபடியும் நிசப்தம். பல்லவி வந்ததும் தாளம் திறந்துகொள்கிறது, ஹார்மோனிகா குரலுக்குப் பின்னால் எழும்பி அதைத் தூக்கி நிறுத்துகிறது. மொத்தப் பாட்டிலும் யாருக்கும் தனி வாசிப்பு கிடையாது. அந்தச் சமயத்தில் வால்டர் சொந்தக் குழு வைத்து, சொந்தப் பெயரில் முதலிடம் பிடித்த நட்சத்திரம். மடியின் குழுவை விட்டுப் போய் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அப்படியிருந்தும் செஸ் இசைத்தட்டு நிறுவனம் மடியின் பதிவுகளுக்கு அவரைத் தொடர்ந்து அழைத்தது. மேடையில் மடிக்கு அருகே வேறொருவர் வாசித்த ஆண்டுகளிலும் இசைத்தட்டில் பெரும்பாலும் கேட்பது வால்டரைத்தான். தனி வாசிப்புக்காக மட்டும் ஒருவரைத் தேடியிருந்தால் இந்தப் பாட்டுக்கு அவரை அழைத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் வேண்டியிருந்தது.

‘ஜூக்’ பற்றியும் பேசியாக வேண்டும், உங்கள் மேடைகளின் உச்சம் அதுதானே. 1952 மே 12 அன்று பதிவாகி, அவ்வாண்டு செப்டம்பரில் ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்து எட்டு வாரம் அங்கேயே நின்ற உருப்படி. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே ஹார்மோனிகா வாத்திய இசை அதுதான். ஒரு தனி மேதையின் சாகசமாக அது வாசிக்கப்படுகிறது. அது பிறந்த விதத்தைப் பார்த்தால் கதை வேறு. அன்று கூடியது மடி வாட்டர்ஸின் பதிவுக்காக. கூட வாசித்தவர்கள் மடியும் ஜிம்மி ராஜர்ஸும் கிதாரில், எல்கா எட்மண்ட்ஸ் டிரம்ஸில். பேஸ் வாத்தியமே கிடையாது. ஊர் ஊராகச் சேர்ந்து வாசித்த குழுவின் பொதுச்சொத்து அந்த மெட்டு. அதன் தொடக்கச் சொற்கட்டுக்கு ஹார்மோனிகாக் கலைஞர் ஸ்னூக்கி ப்ரையர் 1948இல் வெளியிட்ட ஒரு பதிவோடு நெருங்கிய உறவு உண்டு. ப்ரையரும் அதை உரிமையோடு சொல்லிவந்தார். வால்டரின் புகழை இதனால் நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பதிவில் ஒவ்வொரு சுற்றையும் அவர் எப்படிக் கட்டுகிறார் என்று கேட்டால், இரண்டு கிதார்கள் விட்டுக்கொடுக்கும் இடங்களில்தான் அவருடைய சொற்கட்டுகள் அமர்கின்றன. அந்தக் கிதார்களை எடுத்துவிட்டு, வெறும் தாள ஓட்டத்தின் மேல் அதே சுரங்களை வாசித்தால் சுரங்கள் மிஞ்சும், உரையாடல் போய்விடும். பல அஞ்சலி மேடைகளில் நடப்பது இதுதான்.

மடியை விட்டு அவர் போய்ச் சேர்ந்த குழு ஏசஸ். லூயிஸ் மையர்ஸ், டேவ் மையர்ஸ் என்ற சகோதரர்கள் கிதாரில். ஜாஸ் பயிற்சி பெற்ற ஃப்ரெட் பிலோ டிரம்ஸில். தொடக்க காலப் பதிவுகளில் இங்கேயும் பேஸ் வாத்தியம் இல்லை. டேவ் தன் கிதாரின் கீழ்த் தந்திகளிலேயே அந்த வேலையைச் செய்தார், பின்னாளில் மின் பேஸுக்கு மாறினார். 1953இன் ‘ஆஃப் த வால்’, ‘ப்ளூஸ் வித் எ ஃபீலிங்’ இரண்டையும் கேளுங்கள். பிலோ சிம்பலில் தரும் துள்ளலை முழுமையாக நம்பித்தான் வால்டர் சுரத்தை இழுத்துப் பிடிக்கிறார், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறார், மறுபடியும் வந்து சேர்கிறார். பிற்பாடு ராபர்ட் லாக்வுட் ஜூனியர் கிதாருக்கு வந்தபோது, அவருடைய ஜாஸ் சாயல் கொண்ட சேர்சுரங்களுக்கு ஏற்ப ஹார்மோனிகாவின் நடையும் மாறியது. கூட வாசிப்பவர் மாறினால் தானும் மாறுகிற மனிதர் அவர். அறுபது எழுபது ஆண்டுக்கு முன் பதிவான ஒரு வாசிப்பை, இன்று வேறு டிரம்ஸ்காரர், வேறு கிதார்காரர் முன்னால் அணுவும் மாறாமல் நிறுத்தும்போது, வால்டர் ஒருபோதும் செய்திராத ஒன்றை அவர் பெயரால் செய்கிறோம்.

வாத்தியத்தின் இயல்பும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பத்துத் துளை, இருபது ரீடு. ஒவ்வொரு ஹார்மோனிகாவும் ஒரே சுருதிக்கென்று செய்யப்பட்டது. ப்ளூஸ்காரர்கள் ‘ஏ’ சுருதி வாத்தியத்தை எடுத்து ‘ஈ’ சுருதியில் வாசிப்பார்கள். அப்போது காற்றை உள்ளிழுக்கும் கீழ்த்துளைகளில் பாட்டின் ஆதாரச் சேர்சுரம் முழுமையாகக் கிடைக்கும், சுரங்களை வளைக்கவும் முடியும். ஆகவே அது இயல்பிலேயே தாளத்துக்கும் சேர்சுரத்துக்கும் உதவுகிற வாத்தியம். ஓர் ஊதுகுழல் அணி செய்யும் வேலையை ஒற்றை ஆளாகச் செய்யக்கூடியது. லூயி ஜார்டனின் சாக்ஸஃபோனை விரும்பிக் கேட்டவர் வால்டர். பாடகருக்குப் பின்னால் ஒரு சாக்ஸஃபோன் அணி நிற்பது போல அவர் வாசித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மைக்கை உள்ளங்கைக்குள் பொத்தி, வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குத் தள்ளி அவர் எடுத்த கனமான ஒலி, குரலும் கிதாரும் வாழும் அதே நடு அலைவரிசைப் பகுதியை நிரப்பிவிடும். ஒருவர் அப்படி வாசித்தாலே மற்றவர்களுக்கு இடம் விடும் நிதானம் வேண்டும். ஐந்து பேர் ஒரே சுருதியில், ஒரே ரீடு அமைப்பில், ஐந்து ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்து வாசித்தால் எவர் சுரமும் எவருக்கும் கேட்காது. இறுதிக் கூட்டு வாசிப்பு கண்ணுக்கு விருந்தாக இருப்பதற்கும் காதுக்கு இரைச்சலாக இருப்பதற்கும் காரணம் இந்த இயற்பியல்தான். அதில் வாசிப்பவர்களின் திறமையைக் குறை சொல்ல எதுவுமில்லை.

ஒலியோடு அவரைப் பார்க்கக் கிடைக்கும் படங்கள் மிகக் குறைவு. 1967 அக்டோபரில் ஐரோப்பியப் பயணத்தின்போது கோபன்ஹேகன் தொலைக்காட்சியில் பதிவான காட்சி 2004இல் டிவிடியாக வந்தது. அதில் அவர் ஹவுண்ட் டாக் டெய்லருக்கும் கோகோ டெய்லருக்கும் பக்கவாத்தியம் வாசிக்கிறார். அதே பயணத்தில் ஜெர்மனியில் பதிவான, அவரே பாடும் இன்னொரு காட்சி 2009இல்தான் வெளிவந்தது. ஆக, இடைப்பட்ட ஐந்து ஆண்டு உலகம் பார்த்த லிட்டில் வால்டர், வேறொருவரின் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் லிட்டில் வால்டர்தான். உடல் தளர்ந்திருந்த காலம் அது, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. பழைய வேகம் அதில் இல்லை. கோகோ டெய்லரின் பெருங்குரல் எழும்பும்போது அவர் எங்கே ஒதுங்குகிறார், எங்கே ஒரு சொற்கட்டைச் செருகுகிறார் என்று மட்டும் பாருங்கள். வேகம் போன பிறகும் மிஞ்சியது எதுவோ அதுவே ஒருவருடைய அடிப்படைக் கலை என்று நான் கொள்கிறேன்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை வால்டரின் வாழ்க்கையே தருகிறது. ‘ஜூக்’ வெற்றி பெற்றதும் மடியின் குழுவை விட்டு வெளியேறியவர் அவர். பக்கவாத்தியக்காரராகவே இருக்க விரும்பியிருந்தால் ஏன் போனார்? தன் பெயர் முன்னால் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவரை மறுபடியும் பின்வரிசைக்குத் தள்ளலாமா? நியாயமான கேள்வி. பெயரும் ஊதியமும் தனக்கு உரியவை என்று அவர் எண்ணியதில் தவறே இல்லை. தலைவரான பிறகு அவர் எப்படி வாசித்தார் என்பதில் என் பதில் இருக்கிறது. 1955இல் முதலிடம் பிடித்த ‘மை பேப்’ பாட்டில் பாடகரும் அவரே, ஹார்மோனிகாவும் அவரே. தன் குரலுக்குத் தானே பக்கவாத்தியம் வாசிக்கிறார்: பாடும்போது குழு தாங்குகிறது, வரி முடிந்ததும் ஹார்மோனிகா குரலுக்குப் பதில் சொல்கிறது. மடியிடம் கற்ற ஒழுங்கை அவர் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் விட்டுப்போனது சம்பளக்காரர் என்ற நிலையை. கேட்டு வாசிக்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. அவர் பெயரை முன்னால் போடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கலையையும் சேர்த்துப் போடுங்கள்.

அச்சு அசலாக வாசிப்பதுதான் மரபைக் காக்கும் வழி என்பது இரண்டாவது மறுப்பு. கற்கும் காலத்தில் இதை முழுமையாக ஏற்கிறேன். ‘ஜூக்’ உருப்படியைச் சுரம் சுரமாகக் கற்காமல் யாரும் இந்த நடையில் கால் வைக்க முடியாது. ஆனால் பயிற்சி அறையில் செய்ய வேண்டியதை மேடையில் அஞ்சலி என்று வைப்பது வேறு விஷயம். 1954இல் மடியின் குழுவுக்கு வந்த ஹார்மோனிகாக் கலைஞர் ஜேம்ஸ் காட்டனிடம் வால்டரைப் போலவே வாசிக்கும்படி எதிர்பார்ப்பு இருந்தது. தன்னால் லிட்டில் வால்டர் ஆக முடியாது, தானாக இருக்க இடம் தர வேண்டும் என்று அவர் மடியிடமே சொன்னதைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த இடம் கிடைத்ததால்தான் உலகத்துக்கு ஜேம்ஸ் காட்டன் கிடைத்தார். வால்டருக்கு முன்பு ஏசஸ் குழுவில் இருந்த ஜூனியர் வெல்ஸ், மடியிடம் போய் வால்டரின் இடத்தில் நின்றவர். அவரும் நகலாக நிற்கவில்லை. வால்டருக்கு நேர் வாரிசுகள் என்று சொல்லத்தக்க இந்த இருவரும் எடுத்துக்கொண்டது அவர் பாடகரைக் கேட்ட முறையை. மரபு கைமாறியது அந்த வழியில்தான்.

சீட்டு வாங்கி வருகிறவர் தனி வாசிப்பைக் கேட்கத்தானே வருகிறார் என்று அமைப்பாளர்கள் சொல்லலாம். ஹார்மோனிகாவுக்கென்று ஒரு முழு மாலையை நிரப்புவது எளிதல்ல என்பதை அறிவேன். 1991 முதல் ‘ப்ளூஸ் ஹார்மோனிகா ப்ளோஅவுட்’ நிகழ்ச்சிகளை நடத்திவரும் ஹார்மோனிகாக் கலைஞர் மார்க் ஹம்மலின் உழைப்புக்கு இந்த வாத்தியமே கடன்பட்டிருக்கிறது. 2012 டிசம்பரில் சான் டியாகோவில் அவரும் சார்லி மஸ்ஸல்வைட், பில்லி பாய் அர்னால்டு, ஜேம்ஸ் ஹார்மன், சுகர் ரே நார்சியா ஆகியோரும் சேர்ந்து வாசித்த ‘ரிமெம்பரிங் லிட்டில் வால்டர்’ கிராமி விருதுக்கான பரிந்துரை வரை போனது. ஆளுக்கு இரண்டு பாட்டு என்ற அதே வடிவம்தான். அந்தத் தொகுப்பு நிற்பதற்கு என் காதில் முதல் காரணம், பின்னால் இருந்த கிதார்களும் பேஸும் டிரம்ஸும் பழைய உரையாடலை உயிரோடு வைத்திருந்தது. ஹார்மோனிகாக்காரர்கள் ஐவரின் பெயர்களைச் சொல்லும் ரசிகர்கள், லிட்டில் சார்லி பேட்டி அதில் கிதாரில் செய்ததைத் தனியே பேசுவதில்லை, பேச வேண்டும். நல்ல பக்கவாத்தியம் கூட்டத்தைக் குறைக்காது என்பதற்கு அந்தப் பதிவே சான்று.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. அஞ்சலிக் கச்சேரிக்கு முதலில் ஒப்பந்தம் செய்ய வேண்டியவர்கள் டிரம்ஸ்காரரும் கிதார்காரர்களும். ஹார்மோனிகாக் கலைஞர்களை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். குழுவுக்கு ஒரே ஒரு மாலை ஒத்திகை போதாது. ஹார்மோனிகா வாசிக்காத நல்ல பாடகர் ஒருவரையாவது, முடிந்தால் ஒரு பெண் பாடகரை, மேடைக்கு அழையுங்கள். உங்கள் நட்சத்திரங்கள் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கட்டும். நிகழ்ச்சிக் குறிப்பில் ‘ஜூக்’ என்று அச்சிடும் இடத்தில் மடி வாட்டர்ஸ், ஜிம்மி ராஜர்ஸ், எல்கா எட்மண்ட்ஸ் பெயர்களையும், ‘மை பேப்’ என்ற இடத்தில் அதை எழுதிய வில்லி டிக்ஸன் பெயரையும் அச்சிடுங்கள். ஃப்ரெட் பிலோவுக்கும் மையர்ஸ் சகோதரர்களுக்கும் மேடையிலிருந்து ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். அவர்களுக்கென்று யாரும் தனிக் கச்சேரி வைக்கப்போவதில்லை. இளைய கலைஞர்களுக்கு வாய்ப்புத் தரும்போது, குறிப்பாக இந்த இசை பிறந்த கறுப்பின மக்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தரும்போது, ‘ஜூக்’ வாசித்துக் காட்டு என்று சோதிக்காதீர்கள். ஒரு மெதுவான பாட்டுக்கு இரண்டு சுற்றுப் பின்னால் நின்று வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், யார் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் இறுதிக் கூட்டத்தைக் கைவிடுங்கள். அது இல்லாததால் எந்த ரசிகரும் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. அந்த இடத்தில் நீங்கள் அழைத்த பாடகர் ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாடட்டும். ஒரே ஒரு ஹார்மோனிகா போதும். உங்களில் மிகச் சிறந்தவரை அதற்கு நிறுத்துங்கள், அவருக்குத் தனி வாசிப்பு கொடுக்காதீர்கள்.